வீட்டில் பொருத்தும் ‘ஆயில் கூலர்’: சூடு எஞ்சினிலா, பிழைப்பிலா?

கிள்ளான் பள்ளத்தாக்கின் சமிக்ஞை விளக்குகளில் வந்து நிற்கும் உணவு விநியோக மோட்டார்களைக் கூர்ந்து பார்த்தால், சிலவற்றின் எஞ்சினுக்கு முன்னால் கையகல அலுமினியப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதிலிருந்து இரண்டு குழாய்கள் எஞ்சினுக்குள் போகின்றன. ‘ஆயில் கூலர்’ எனப்படும் எண்ணெய்க் குளிர்விப்பான் அது. சிலர் அதைக் கடையில் பெட்டியோடு வாங்குகிறார்கள். வேறு சிலர் பழைய காரிலிருந்து கழற்றிய பாகத்தையோ குளிர்சாதன வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயையோ வைத்து வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார்கள்.

மோட்டாரை அழகுபடுத்தும் இளைஞர்களின் ஆசை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதைப் பொருத்திக்கொள்பவர்களில் பந்தயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அந்த மோட்டார் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும் நிலையில் வாழ்பவர்கள் அவர்கள். எஞ்சின் ‘பிடித்துக்கொண்டால்’ பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டிய பணம் பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். அந்தப் பயத்துக்கு அவர்கள் தங்கள் கையால் கண்ட பதில்தான் இந்தச் சின்னப் பெட்டி.

அந்தப் பதில் சரியானதுதானா? அதனால் எஞ்சினுக்கு என்ன பயன், ஓட்டுநருக்கு என்ன ஆபத்து? ஒரு விநியோக மோட்டாரின் தேய்மானச் செலவு ஏன் ஓட்டுநரின் பையிலிருந்து மட்டுமே போகிறது? 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

கப்சாய் எப்படிக் குளிர்கிறது?

மலேசியக் குடும்பங்களுக்குக் கப்சாயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஹோண்டா ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிப் பிறந்த பெயர் அது. ஈ.எக்ஸ்.5, வேவ், கெடா மாநிலத்தின் குருண் தொழிற்சாலையிலிருந்து வந்த மொடெனாஸ் கிரிஸ் என்று அதன் வகைகள் பல. தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்கு மாறிய பல தமிழ்க் குடும்பங்களின் முதல் சொந்த வாகனமும் இதுதான்.

ஈ.எக்ஸ்.5 போன்ற பழைய வகைகளில் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. எரிபொருள் எரிந்து வெளிவரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. மீதி வெப்பமாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். எஞ்சியதை இரண்டு வழிகளில் வெளியேற்ற வேண்டும். ஒன்று, சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் உலோக மடிப்புகளின் மேல் வீசும் காற்று. மற்றொன்று, உள்ளே ஓடும் எஞ்சின் எண்ணெய்.

‘மின்யாக் ஹித்தாம்’ என்று எல்லாரும் சொல்லும் அந்த எண்ணெய், கப்சாயில் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. கார்களில் கியர்பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. கப்சாயிலோ எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. அதன் மொத்த அளவும் ஒரு லிட்டருக்குக் குறைவு. வழவழப்பைத் தருவது, வெப்பத்தைச் சுமப்பது, அழுக்கை ஏந்துவது எல்லாமே அந்தச் சிறிய அளவு எண்ணெயின் தலையில்தான் விழுகின்றன.

எண்ணெய்க்கும் ஓர் எல்லை உண்டு. 90 முதல் 120 பாகை செல்சியஸ் வரை அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் நெடுநேரம் சூடானால் நீர்த்துப்போய், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய படலம் மெலிகிறது. ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியியலாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. அப்படியானால் எண்ணெயைக் குளிர்விப்பது நல்லதுதானே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்தில் அடிப்படைத் தவறு ஏதும் இல்லை. சுசுகி நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் 750 பந்தய வகை மோட்டார் முழுக்க முழுக்க எண்ணெயையும் காற்றையும் நம்பியே குளிர்ந்தது. இன்று மலேசியச் சாலைகளில் ஓடும் ராயல் என்ஃபீல்டு 650 வகைகளிலும் தொழிற்சாலையிலேயே எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்தப்பட்டு வருகிறது. ஆனால் அவற்றில் பம்ப், குழாய், குளிர்விப்பான் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. வாசலில் வைத்துச் செய்யும்போது அந்தப் பொருத்தம்தான் முதலில் விடுபட்டுப் போகிறது.

சூடு ஏறுவது எங்கே?

கப்சாய் வடிவமைக்கப்பட்டபோது மனத்தில் கொள்ளப்பட்டது வீட்டிலிருந்து வேலைக்கும் கடைக்கும் போய்வரும் பயணம். இன்று அது செய்யும் வேலை வேறு.

பட்டணத்தில் விநியோக ஓட்டுநர் ஒருவரின் மோட்டார் காலையில் கிளம்பினால் இரவு வரை ஓய்வதில்லை. உணவகத்தின் முன் எஞ்சின் ஓட நிற்பது, நெரிசலில் ஊர்வது, முதல் கியரில் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறுவது, மறுபடியும் நிற்பது என்று நாள் முழுவதும் போகிறது. வெயில் காலத்தில் தார்ச்சாலையின் சூடும் சேர்ந்துகொள்ளும். ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள்களுக்கு உச்ச வெப்பநிலை 35 பாகையைத் தொட்டாலே மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுக்கிறது. வெளிக்காற்றே அந்தச் சூட்டில் இருக்கும்போது, காற்றை மட்டும் நம்பிக் குளிரும் எஞ்சினின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டப்புறத்தில் சுமை வேறு விதம். மாட்டுக்குப் புல் கட்டு, உதிரிச் செம்பனைப் பழ மூட்டை, எரிவாயு தோம்பு என்று பின்னால் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் குறைந்த கியரில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. வேகம் இல்லாததால் காற்று மட்டும் கிடைப்பதில்லை. கப்சாயின் சிலிண்டர் முன்சக்கரத்தை நோக்கிப் படுத்தவாறு இருப்பதால், சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக அதன் மடிப்புகளில் போய் அப்பிக் காய்ந்துவிடுகிறது. மடிப்புகளுக்கிடையே சேறு அடைத்த எஞ்சின், வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்யும் ஆளைப் போன்றது.

இந்த இரண்டு சூழலிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். எஞ்சின் மிகவும் சூடாகும் நேரங்களில் மோட்டார் மெதுவாகத்தான் போகிறது, அல்லது நிற்கிறது. குளிர்விப்பானின் பயனை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கையில் கிடைப்பதைக் கொண்டு

வீட்டில் செய்யும் குளிர்விப்பானின் அமைப்பு எளிமையானது. எஞ்சினின் பம்ப் எண்ணெயை மேலே தள்ளும் பாதையில் ஓர் இடத்தில் வழியை வெட்டி, எண்ணெயை வெளியே எடுத்து, ஒரு குளிர்விப்பான் வழியாகச் சுற்றவிட்டு, மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். வழியை வெட்டுவதற்கென்றே துளையிட்ட அலுமினிய மூடிகள் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லாதவர்கள் பழைய மூடியையே துளைத்து, மரை போட்டு, முனையைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

குளிர்விப்பானாக வருவது கையில் எது கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது. காரின் பவர் ஸ்டீயரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு பாகம், வேறு பெரிய மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய கூலர், சுருளாக வளைத்த செம்புக் குழாய் என்று வகைகள் உண்டு. இணைப்புக் குழாய்க்குப் பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் குழாய், ஹைட்ராலிக் குழாய் என்று அவரவர் அறிவுக்கும் பணத்துக்கும் ஏற்பத் தேர்வு நடக்கிறது.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. டிராக்டரையும் நீர் இறைக்கும் பம்பையும் பழுதுபார்த்துப் பழகிய தோட்டத்துப் பட்டறைகளின் வழக்கம் இதில் தெரிகிறது. உதிரிபாகம் நகரத்திலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாத இடத்தில், இருப்பதை வைத்து ஓட்டிக்காட்டுவதே திறமை. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் அதே கைப்பழக்கத்தைப் பட்டணத்து மோட்டாருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உண்மையில் குளிர்கிறதா?

சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும் மோட்டாரில் குளிர்விப்பான் எண்ணெயின் சூட்டைக் குறைக்கும். சுற்றில் இருக்கும் எண்ணெயின் அளவும் சற்றுக் கூடுவதால் அது கெடுவதற்கும் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும். இவை உண்மையான பயன்கள்.

ஆனால் குளிர்விப்பானும் காற்றை நம்பித்தான் இருக்கிறது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதும், உணவகத்தின் முன் காத்திருக்கும்போதும், மூட்டையோடு மேட்டில் ஊரும்போதும் அதன் மேல் காற்று வீசுவதில்லை. எஞ்சினுக்கு உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இந்தப் பெட்டி மிகக் குறைவாக உதவுகிறது. நெடுஞ்சாலையில் தாராளமாக உதவுகிறது. அங்கேயோ எஞ்சினின் மடிப்புகளுக்கே போதிய காற்று கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் பம்ப். கப்சாயின் எண்ணெய்ப் பம்ப் சிறியது. தொழிற்சாலை வகுத்த குறுகிய பாதைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அதோடு நீளமான மெல்லிய குழாயையும் பல வளைவுகள் கொண்ட சுருளையும் சேர்த்தால் எண்ணெய் ஓட்டத்துக்குத் தடை கூடும். அதன் விளைவை முதலில் உணர்வது எஞ்சினின் உச்சியில் இருக்கும் கேம் தண்டு. எண்ணெய் அங்கே தாமதமாகவோ குறைவாகவோ போய்ச் சேர்ந்தால் கேமும் அதை ஒட்டிய கைகளும் தேயும். எஞ்சினைக் காப்பாற்றப் பொருத்திய பாகமே எஞ்சினைத் தின்னத் தொடங்கும்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய குளிர்ச்சி. எண்ணெய் போதுமான சூட்டை அடைந்தால்தான் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மழையில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் மோட்டாரிலும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் குளிர்ந்த காலைகளிலும், குளிர்விப்பான் எண்ணெயைத் தேவைக்கு மேல் ஆறவைக்கும். மூடியைத் திறந்தால் பால் கலந்த கோப்பி நிறத்தில் நுரை தெரிவது அதன் அடையாளம். தொழிற்சாலை அமைப்புகள் பலவற்றில் எண்ணெய் சூடான பிறகே குளிர்விப்பானுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் இருக்கும். வீட்டில் செய்வதில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒய்15, எல்.சி.135 போன்ற வகைகளில் ஏற்கெனவே தண்ணீர் ரேடியேட்டர் உண்டு. அவை சூடானால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் திரவம், விசிறி, அடைத்துக்கொண்ட தகடுகள். அவற்றைப் பார்க்காமல் எண்ணெய்க் குளிர்விப்பானைச் சேர்ப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது.

கசிந்தால் என்ன ஆகும்?

எஞ்சின் கெட்டால் பணம் போகும். குழாய் கழன்றால் உயிர் போகலாம். இந்த வேறுபாடுதான் இந்த விவகாரத்தின் மையம்.

குளிர்விப்பான் முன்சக்கரத்துக்குப் பின்னால், எஞ்சினுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே குழாய் பிளந்தால், 100 பாகைக்கு மேல் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலிலும் புகைக்குழாயிலும் தெறிக்கும். கீழே சிந்துவது பின்சக்கரத்தின் பாதையில் விழும். எண்ணெய் பட்ட டயர் வளைவில் பிடிக்காது. பின்னால் வரும் மற்ற மோட்டார்களுக்கும் அதே கதிதான். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் பயணம் செய்தவர்களே. அந்த எண்ணிக்கையோடு இன்னொரு காரணத்தைச் சேர்க்க யாருக்கும் விருப்பம் இருக்காது.

எண்ணெய் சிந்தியதை ஓட்டுநர் உடனே கவனிக்காவிட்டால், ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய் சில நிமிடங்களில் தீர்ந்து எஞ்சின் இறுகிவிடும். ஓடும் மோட்டாரில் எஞ்சின் திடீரென்று இறுகினால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

குழாய் ஏன் பிளக்கிறது? பெட்ரோல் குழாய் சூடான எண்ணெய்க்காகச் செய்யப்பட்டதல்ல. நாளடைவில் மென்மையாகிக் கழன்றுவிடும். ரேடியேட்டர் குழாய் தண்ணீருக்கானது. எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். செம்புக் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் எஞ்சினின் இடைவிடாத அதிர்வில் இறுகி, வளைவிலோ முனையிலோ மயிரிழை விரிசல் விடும். திருகு கிளிப்புகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறித் தளரும்.

டிராக்டருக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் குழாய் அமுக்கித் தரும் ஹைட்ராலிக் கடைகள் பல ஊர்களில் உள்ளன. அங்கே முனை அமுக்கி வாங்கும் குழாய் இவற்றைவிட மேல். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹைட்ராலிக் குழாய் மிகப்பெரிய அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் சாதாரண வகைகள் பலவற்றின் சூட்டு வரம்பு 100 பாகைதான். எஞ்சின் எண்ணெய் அதைத் தாண்டும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கேட்பவர்கள், எவ்வளவு சூடு தாங்கும் என்றும் கேட்க வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

வாகன மாற்றங்களுக்கு அடிப்படையாக இருப்பவை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு குறித்த 1959-ஆம் ஆண்டு விதிகளும். பதிவில் உள்ள விவரங்களை மாற்றும் வேலைகளுக்கு, அதாவது எஞ்சினை மாற்றுவது, கொள்ளளவைக் கூட்டுவது, சட்டகத்தை வெட்டி மாற்றுவது போன்றவற்றுக்கு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும்.

குளிர்விப்பான் எஞ்சினின் கொள்ளளவை மாற்றுவதில்லை என்பதால் பிரச்சினையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மற்றொரு கடமையை அவர்கள் கவனிப்பதில்லை. சாலையில் ஓடும் எந்த வாகனமும், அதன் எந்தப் பாகமும், மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்காத நிலையில் இருக்க வேண்டும். எண்ணெய் ஒழுகும் மோட்டார் அந்த அடிப்படையிலேயே தவறிவிடுகிறது. தனியார் மோட்டார்சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லாததால், பொருத்திய வேலை சரியா என்று பார்க்கும் முதல் ஆள் பெரும்பாலும் சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரியாகவே இருக்கிறார். பொருத்துவதற்கு முன்பே மாநில ஜே.பி.ஜே. அலுவலகத்தின் வாகனப் பொறியியல் பிரிவில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

காப்புறுதியிலும் கவனம் தேவை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எதிர்த்தரப்பின் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும்தான். சொந்த மோட்டாரின் சேதம் அதில் வராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் வாகனத்தில் செய்த மாற்றங்களை நிறுவனத்திடம் தெரிவித்திருக்க வேண்டும். மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு உணவு கொண்டுசெல்லும் வேலையையும் உள்ளடக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தேய்மானம் யார் கணக்கில்?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அலுவலக வேலைக்காக நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கப்சாய், மாதம் 26 நாளில் 520 கிலோமீட்டர் ஓடும். 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், அதற்கு ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் விநியோக மோட்டாருக்கோ 17 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 19 முறை. ஒருமுறைக்கு 30 ரிங்கிட் என்று குறைத்துப் போட்டாலும் ஆண்டுக்கு 570 ரிங்கிட். இது எண்ணெய் மட்டுமே. சங்கிலி, டயர், பிரேக் கட்டை, பேட்டரி எல்லாம் இதே வேகத்தில்தான் தேயும்.

பணத்தைவிட நேரம் பெரிய தடை. பட்டறையில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆர்டர் இல்லாத மணி நேரம். அதனால் எண்ணெய் மாற்றுவது அடுத்த வாரத்துக்கும், பிறகு அடுத்த மாதத்துக்கும் தள்ளிப்போகிறது. பழைய எண்ணெயில் ஓடும் எஞ்சின் கூடுதலாகச் சூடாகிறது. சூட்டைக் கண்டு பயந்தவர் குளிர்விப்பானைத் தேடுகிறார். ஒருமுறை செலவழித்துவிட்டால் எண்ணெயை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற கணக்கும் அதில் ஒளிந்திருக்கிறது. உண்மையில் எந்தக் குளிர்விப்பானும் அழுக்கேறிய எண்ணெயைப் புதிதாக்காது.

கிக் தொழிலாளர்களின் பாதுகாப்பில் நாடு சில படிகள் முன்னேறியிருப்பதை மறுக்க முடியாது. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம், சொந்தத் தொழில் செய்வோருக்கு வேலையில் ஏற்படும் விபத்துக்கான பாதுகாப்பைச் சொக்சோ வழியாகக் கொண்டுவந்தது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் சேவை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்புச் சந்தா, தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயம், ஆலோசனை மன்றம் ஆகியவற்றுக்கு வழிவகுத்தது.

இவை அனைத்தும் ஓட்டுநரின் உடலையும் உரிமையையும் பற்றியவை. அவர் ஏறி அமர்ந்திருக்கும் இயந்திரம் இந்தக் கணக்கில் வருவதில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் தேய்ந்தால் அது முதலாளியின் செலவு. தோட்டத்தில் டிராக்டர் பழுதானால் அது நிர்வாகத்தின் செலவு. விநியோகத் தொழிலில் மட்டும் உற்பத்திச் சாதனமே தொழிலாளியின் சொத்து. அதன் தேய்மானமும் அவருடைய நட்டம். ஓர் ஆர்டருக்குக் கொடுக்கப்படும் கட்டணத்தில் பெட்ரோல், எண்ணெய், டயர் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான், மிச்சம் எவ்வளவு கூலி என்பது ஓட்டுநருக்கே தெரியும்.

கட்டணத்தைப் பற்றிய பேச்சுகளில் ஓட்டுநர் சங்கங்கள் இந்தத் தேய்மானக் கணக்கை மேசைமேல் வைப்பது அவசியம். குறிப்பிட்ட தூரம் ஓடியதும் இலவசமாகவோ சலுகை விலையிலோ எண்ணெய் மாற்றித் தரும் ஏற்பாடு நிறுவனங்களுக்குப் பெரிய சுமையாக இருக்காது. விபத்து குறைந்தால் அவற்றுக்கும் நன்மைதான்.

முதலில் செய்ய வேண்டியவை

மோட்டார் சூடாகிறது என்று உணர்பவர்கள் குளிர்விப்பானை வாங்கும் முன் சிலவற்றைச் சரிபார்ப்பது நல்லது. எண்ணெயின் அளவைக் குச்சியில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மோட்டார் நேராக நிற்க வேண்டும், சாய்ந்த நிலையில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். மோட்டாரின் கையேடு சொல்லும் தடிமனில், ஜாசோ எம்.ஏ. தரக்குறியீடு உள்ள எண்ணெயையே ஊற்ற வேண்டும். காருக்கான சில எண்ணெய்கள் கிளட்சை வழுக்கச் செய்யும். சிலிண்டர் மடிப்புகளில் அப்பிய சேற்றை, எஞ்சின் ஆறிய பிறகு தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கார்பரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும், பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தாலும், சங்கிலி காய்ந்திருந்தாலும் எஞ்சின் தேவையில்லாமல் சூடாகும். உணவகத்தின் முன் காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பதற்குச் செலவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பொருத்தியே தீர வேண்டும் என்பவர்கள், அந்த மோட்டார் வகைக்கென்று செய்த தொகுப்பை அனுபவமுள்ள பட்டறையில் பொருத்துவதே பாதுகாப்பு. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் உரிய குழாய், அமுக்கிய முனைகள், அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கி, கல்லடிக்குக் கம்பி வலை ஆகியவை வேண்டும். குழாய் புகைக்குழாயைத் தொடக் கூடாது. கைப்பிடியைத் திருப்பும்போது முன்சக்கரமும் குழாயில் உரசக் கூடாது. பொருத்தியதும் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் அளவை மறுபடி பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். முதல் சில நாள்கள் ஒவ்வொரு காலையும் மோட்டாரின் அடியில் தரையைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தாலும் அன்று அந்த மோட்டாரை எடுக்கக் கூடாது.

கைத்திறனுக்குச் சான்றிதழ்

பழைய பாகங்களை வைத்து எண்ணெய் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஓர் இளைஞருக்கு எஞ்சினின் உள்ளமைப்பு தெரிந்திருக்கிறது. குழாயின் சூட்டு வரம்பும் பம்பின் கொள்ளளவும் தெரியாமல் போனதற்குக் காரணம், அதை முறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு அவர் போகாததுதான்.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐப் பெற, முழுநேர வகுப்பில் சேர்வது மட்டுமே வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள், தங்கள் அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டின் வழி அந்தச் சான்றிதழைப் பெறும் பி.பி.தி. என்ற முறையும் திறன் மேம்பாட்டுத் துறையிடம் உண்டு. வாகனப் பழுதுபார்ப்பும் அதில் அடங்கும். லயத்து வாசலிலும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் மோட்டார் பிரித்துப் பூட்டும் பிள்ளைகளுக்கு இந்த வழியை எடுத்துச் சொல்வதைக் கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு மாலைக் கூட்டத்திலேயே செய்துவிடலாம்.

ஓட்டுநர் தம் மோட்டாரைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் கையில் இருந்த பணத்துக்கும் நேரத்துக்கும் எட்டிய தீர்வு அதுதான். எண்ணெயைக் காலத்தில் மாற்றும் அளவுக்கு அவருக்கு ஆர்டர் கட்டணமும், அரை நாள் ஓய்வும் கிடைத்தால், பெரும்பாலான கப்சாய்களுக்கு அந்த அலுமினியப் பெட்டியே தேவைப்படாது.